உங்களைப் பிடித்தவை

திருத்திய பிழை திரும்ப வராது. அதுவும் அவளே திருத்தி, அண்ணன் சரிபார்த்து, மேலாளர் தலையாட்டி, எல்லா வீட்டு டிவியிலும் மாறிப்போன பிழை. ஆனால் அந்தச் சாயங்காலம், ஐந்து நாளாக விடாத மழையில் காயாத துண்டுகளின் ஈரவாசம் அறைக்கு அறை தேங்கி நிற்க, ஜன்னலுக்கு மேலே தகரத்தில் தண்ணீர் ஒரே தாளத்தில் விழுந்துகொண்டிருக்க, மகளுக்குப் பால் கொண்டுவந்தவள் தற்செயலாக டிவியை நிமிர்ந்து பார்த்தபோது, நடுவரிசைக்கு மேலே அந்த வரி பழையபடியே நின்றது.

உங்களைப் பிடித்தவை.

‘உங்களுக்குப் பிடித்தவை’ என்று இருக்க வேண்டியது. வீட்டிலிருந்தபடியே படம் பார்க்கிற ஆப் ஒன்றில் அவளுக்கு வேலை. ஆபீஸ் என்றால் வீட்டின் பின்னறைதான். ஒரு மேசை, ஒரு நாற்காலி, பேட்டரி செத்துப்போய் எப்போதும் ஒயரிலேயே கிடக்கும் ஒரு லேப்டாப். படங்களையும் தொடர்களையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் குறிச்சொல் போடுவாள். மழை, மாமியார், பழிவாங்கல், நாய் சாகாது, இப்படி. ஒருவர் ஏற்கெனவே எதை ரசித்தார் என்று அந்தக் குறிச்சொற்களை வைத்து மெஷின் கணக்குப் போட்டு, இதைப் பார்த்தவருக்கு அதுவும் பிடிக்கும் என்று வரிசை வரிசையாக எடுத்து வைக்கும், ஒவ்வொன்றின் கீழும் பொருத்தம் நூற்றுக்கு இத்தனை என்ற எண்ணோடு. வரிசைகளுக்குத் தலைப்பு எழுதுவதும் அவள்தான். ‘அழுதால் பரவாயில்லை என்பவர்களுக்கு’ அவள் எழுதியது. ‘துணி மடித்துக்கொண்டே பார்க்க’ அவள் எழுதியது. ஆபீஸில் அவளுக்குத் தலைப்புக்காரி என்றே பெயர்.

மகளுக்குக் காய்ச்சல் அடித்த நாளில் ஒரு கையில் தெர்மாமீட்டரோடு தட்டியதில்தான் அந்தத் தப்பு நேர்ந்தது. அவள் எழுதுவதையெல்லாம் சரிபார்க்கிறவரை எல்லோரும் அண்ணன் என்றே கூப்பிடுவார்கள். முன்பு தமிழ் வாத்தியாராக இருந்தவர். அன்று போனில் மனுஷர் விழுந்து விழுந்து சிரித்தார். நாலாம் வேற்றுமை போய் ரெண்டாம் வேற்றுமை வந்துடுச்சே தங்கச்சி, ‘கு’ போட வேண்டிய இடத்துல ‘ஐ’ போட்டா இது படப் பட்டியல் இல்ல, பேய்ப் பட்டியல் என்றார். அவளும் சிரித்தாள். அரை மணி நேரத்தில் மாற்றினார்கள். அது நடந்து பதினோரு நாள் ஆகிறது.

சரி, நம் வீட்டு டிவிக்கு மட்டும் மூளை வேலை செய்யவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். பிறகுதான் வரிசையைப் பார்த்தாள். அதில் ஒரே ஒரு படம் இருந்தது. மங்கலான மஞ்சள் சுவர், அதில் ஒரு ஸ்விட்ச் பலகை, வேறு எதுவும் இல்லாத ஒரு படம். கீழே தலைப்பு: அம்மா வேலையாக இருக்கிறாள். பொருத்தம் எழுபத்தொன்று.

குழந்தைகள் பகுதியில் அவள் கை படாத படம் கிடையாது. இப்படி ஒரு தலைப்பை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை.

“இது எப்ப வந்துச்சு?” என்று மகளைக் கேட்டாள்.

மகளுக்கு ஏழு வயது. வீட்டில் வாண்டு என்று கூப்பிடுவார்கள். டிவியில் அவளுக்கென்று தனியாக இருக்கும் புரொஃபைலிலும் அதுதான் பெயர். சோஃபாவில் தலைகீழாகப் படுத்து, கைப்பிடியைத் தாண்டித் தொங்கும் ஒரு காலை ஆட்டிக்கொண்டே சொன்னாள்.

“அது தினமும் வருதும்மா. அதுக்கு என்னைப் பிடிச்சிருக்கு.”

“எனக்கு அதைப் பிடிச்சிருக்குன்னு சொல்லணும்.”

“எனக்கு அதைப் பிடிக்கல. அதுக்குத்தான் என்னைப் பிடிச்சிருக்கு.”

இதுவும் வேற்றுமையில் கோட்டை விடுகிறது, தாயைப் போலப் பிள்ளை என்று அவள் சிரித்துக்கொண்டே பின்னறைக்குப் போனாள். நாலு மணியிலிருந்து ஏழு மணிவரை அவளுக்கு ஷிஃப்ட். பள்ளிவிட்டு வருகிற பிள்ளை அந்த மூன்று மணி நேரமும் ஹாலில் டிவியோடு இருக்கும். அப்பன்காரனுக்குக் கப்பலில் சமையல் வேலை. கரையைத் தொட்டால்தான் போன் வரும். வேறு யார் இருக்கிறார்கள்? அந்த மூன்று மணி நேரத்தை நினைத்தால் அவளுக்கு எப்போதும் நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தும். அந்தத் தலைப்பு சரியாக அங்கேயே குத்தியது.

அன்று ஆறு மணிவாக்கில், நாற்காலியின் பக்கவாட்டில் தொங்கிய அவளுடைய இடது உள்ளங்கைக்குள் இரண்டு விரல்கள் நுழைந்தன. வாண்டின் விளையாட்டு அது. பூனை போலப் பின்னால் வந்து, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அம்மாவின் கைக்குள் செருகி, “பிடிச்சாச்சு” என்பாள். அம்மா கையை மூடினால்தான் ஆட்டம் முடியும். மூடாவிட்டால் நின்றுகொண்டே இருப்பாள். வேலை மும்முரத்தில் அவளுக்குத் திரும்பிப் பார்க்கக்கூட வேண்டியிருக்காது. கை தானாக மூடிக்கொள்ளும். ரெண்டு வருஷப் பழக்கம்.

மறுநாள் பொருத்தம் எழுபத்தெட்டு. படத்தின் நீளமும் கூடியிருந்தது. முதல் நாள் பதினெட்டு மணி நேரம் என்றிருந்தது இருபத்தொன்று ஆகியிருந்தது. அதற்கடுத்த நாள் இருபத்துநாலு. தினமும் மூன்று மணி நேரம். அவளுடைய ஷிஃப்ட் எவ்வளவோ அவ்வளவு. ரிமோட்டை வாங்கி அவளே அழுத்திப் பார்த்தாள். ‘இது உங்களுக்கானது அல்ல’ என்று ஒரு வரி வந்தது. ஆப்பில் இருக்கிற அறிவிப்புகள் எல்லாமே அவள் எழுதியவை; இந்த வரியை அவள் எழுதவில்லை. எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் அந்த மஞ்சள் சுவரை உற்றுப் பார்த்தாள். ஸ்விட்ச் பலகையின் மூலையில் ஒரு நீல நட்சத்திர ஸ்டிக்கர், ஒரு முனை கிழிந்து.

அதே ஸ்டிக்கர். ஹாலிலிருந்து பின்னறைக்குப் போகும் நடையில், குளியலறைக்கு எதிர்ச்சுவரில், வாண்டு ஒட்டி, அவளிடம் திட்டு வாங்கி, பிய்க்கப்போய்ப் பாதியில் விட்டது. நடையின் அந்தக் கோடியிலிருந்து, தரையோடு தரையாக இருந்து எடுத்த படம். அவள் திரும்பி நடையைப் பார்த்தாள். சாயங்கால வெளிச்சம் எட்டாத இடம். குளியலறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஈரத்துணி வாசமும், அதற்கு அடியில், பழைய டிவியின் பின்பக்கம் சூடானால் வருமே, அந்தத் தூசி வாசமும் கலந்து வந்தது. அவள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அண்ணனுக்குப் போன் செய்தாள். அப்படி ஒரு படம் நம்மிடம் இல்லவே இல்லை என்று தேடிப்பார்த்துச் சொன்னார். தூங்கறீங்களா தங்கச்சி, ரெண்டு நாள் லீவு போடுங்க என்றார். அவளுக்கு அழுகை வந்தது. அழுது என்ன பிரயோஜனம் என்று டிவியின் ஒயரைப் பிடுங்கினாள். பிடுங்கினது போதாதென்று டிவியையே கழற்றிப் போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். ஆபீஸில் சொல்லி வீட்டுக் கணக்கையும் மூடச் சொன்னாள். மூடிவிட்டோம் என்று பதில் வந்தது. அப்பாடா என்றிருந்தது.

அடுத்த நாள் சாயங்காலம் தண்ணீர் குடிக்க ஹாலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். டிவி இருந்த சுவரில் நாலு ஆணித் துளைகள். அதற்கு நேரே சம்மணமிட்டு உட்கார்ந்து வாண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கிக்கொண்டிருந்தாள் என்றே சொல்ல வேண்டும்.

“என்னடி பார்க்கற?”

“எண்பத்தொம்பது ஆயிடுச்சும்மா.”

பிள்ளையின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். யார் சொன்னது, எங்கே பார்த்தாய், என்ன எண்ணு அது என்று கேட்டுக்கொண்டே போனாள். வாண்டு மூக்கைத் தொடவில்லை. பொய் சொன்னால் மூக்கைத் தொடுவாள், தொடவில்லை. தெரியும்மா என்று மட்டும் சொன்னாள். பிறகு இடது கையைத் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு தடம், இறுக்கமான வளையலைக் கழற்றினாற்போல. அகலம் ஒரு விரல் அளவு. அதற்கு மேலே இன்னொன்று. அதற்கு மேலே இன்னொன்று. எண்ணினால் ஏழு வந்தது.

“அது என்னைப் பிடிச்சிருக்கும்மா.”

முன்பு ‘அதுக்கு’ என்றாள். இப்போது ‘அது’ என்கிறாள். ‘கு’ போய்விட்டது. பிழை இல்லை. பிள்ளை சரியாகத்தான் சொல்கிறது.

அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. பையில் இரண்டு துணி, பணம், போன். வாண்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அக்கா வீடு ஒரு மணி நேரப் பயணம், அங்கே போய்விட்டால் போதும், என்ன ஏது என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கதவைத் திறந்தாள். மழைச்சாரல் முகத்தில் அடித்தது. வாசற்படியைத் தாண்டி ஒரு கால் வைத்தாள். அதற்குமேல் போக முடியவில்லை.

பிள்ளை வரவில்லை. இடுப்பில் இருக்கிறாள், கழுத்தைக் கட்டியிருக்கிறாள், ஆனால் வரவில்லை. அவளுடைய இடது கை மட்டும் பின்பக்கமாக, வீட்டுக்குள்ளே, நடையை நோக்கி நேராக நீண்டிருந்தது. விரல்கள் தளர்ந்து தொங்கின; கை தொங்கவில்லை. வெறுங்காற்றில் விறைத்து நின்றது. அவள் இழுத்தாள். வாண்டு வீல் என்று கத்தினாள்.

“இழுக்காதம்மா. வலிக்குது. விடமாட்டேங்குதும்மா.”

எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினாள். அங்கே பூட்டுத் தொங்கியது. மழைச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி இழுக்க மனசு வரவில்லை. பெற்றவளுக்கு எப்படி வரும்? ஓரடி உள்ளே வந்தாள். கை தளர்ந்து கீழே விழுந்தது.

சோஃபாவில் உட்காரவைத்தாள். போனை எடுத்துக் கணவன் எண்ணைப் போட்டாள். கடலுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ அது அணைந்து கிடந்தது. போலீஸுக்கா, டாக்டருக்கா? என்னவென்று சொல்வது? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் பின்னறையில் மேசைமேல் திறந்தபடி கிடந்த லேப்டாப்தான் கண்ணில் பட்டது. அன்றைக்குக் குறிச்சொல் போட வேண்டிய பட்டியல். மதியம் பார்த்தபோது ஏழு தலைப்புகள். இப்போது எட்டு.

எட்டாவது: வாண்டு.

வகை: தொடர். பருவங்கள்: ஏழு. பார்ப்பவர்கள்: ஒருவர். அந்த ஒருவருக்குப் பொருத்தம்: தொண்ணூற்றாறு.

அவள் நின்றபடியே படித்தாள். குறிச்சொற்கள் முப்பத்தொன்று. சத்தமாகச் சிரிப்பாள். தலையணையின் குளிர்ந்த பக்கம் பிடிக்கும். சாப்பாட்டில் கடைசி வாயை மிச்சம் வைப்பாள். பொய் சொன்னால் மூக்கைத் தொடுவாள். பாட்டை நடுவிலிருந்து ஆரம்பிப்பாள். பல்லிக்குப் பெயர் வைப்பாள். ஒற்றைக் காலை ஆட்டுவாள். ஒவ்வொன்றும் நிஜம். பெற்றவளைத் தவிர யாருக்கும் தெரியாதவை, பெற்றவளே மறந்துபோனவை, எல்லாம் யாரோ உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்துப் பார்த்து எழுதியவை. நாலு மணியிலிருந்து ஏழு மணிவரை. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் வேறு யாருடைய கதைக்கோ குறிச்சொல் போட்டுக்கொண்டிருந்தபோது.

தொண்ணூற்றேழு.

அண்ணனைக் கூப்பிட்டாள். ஒரு தலைப்பு ஒருத்தர் கண்ணிலேயே படக்கூடாது என்றால் என்ன செய்வது என்று கேட்டாள். அவர் எங்கோ பஸ்ஸில் இருந்தார், அவள் குரலைக் கவனிக்கவில்லை.

“இதென்ன கேள்வி தங்கச்சி? குறிச்சொல்லை எடுத்தா பொருத்தம் இறங்கப்போகுது. எல்லாத்தையும் எடுத்தா யாருக்கும் காட்டாது.”

அவ்வளவுதானே. இது அவளுக்குத் தெரியாததா? ஏழு வருஷமாகச் செய்கிற வேலை.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அங்கிருந்து நடையின் வழியே பார்த்தால் சோஃபாவின் கைப்பிடியும் அதைத் தாண்டி ஆடுகிற வாண்டின் கால் பாதமும் தெரியும். ‘அம்மாவுக்குக் கேக்கற மாதிரி பாடிக்கிட்டே இரு கண்ணு, நிறுத்தாத’ என்றாள். வாண்டு பாட ஆரம்பித்தாள். வழக்கம்போல நடுவிலிருந்து. பயந்த குரல்தான். ஆனாலும் பாடினாள்.

ஒவ்வொரு குறிச்சொல்லின் பக்கத்திலும் ஒரு சிவப்புப் பொத்தான். பல்லிக்குப் பெயர் வைப்பாள். அழுத்தினாள். மறைந்தது. தொண்ணூற்றைந்து.

இறங்குகிறது. இறங்குகிறதே! அவள் வாய்விட்டு அழுதாள், கை நிற்கவில்லை. தலையணை. அழுத்தினாள். கடைசி வாய். அழுத்தினாள். எண்பத்தெட்டு. இடி என்றால் காதைப் பொத்துவாள். அழுத்தினாள். புதுச் செருப்பை முகர்ந்து பார்ப்பாள். அழுத்தினாள். எழுபத்தாறு. நடையில் எங்கோ தண்ணீர் சொட்டியது. ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு, கொஞ்சம் கிட்டத்தில். அவள் தலையைத் தூக்கவில்லை. கேள்வி மேல் கேள்வி கேட்பாள். அழுத்தினாள். அப்பா போனுக்குக் காத்திருப்பாள். விரல் தயங்கியது. அழுத்தினாள். அறுபத்தொன்று.

ஒற்றைக் காலை ஆட்டுவாள்.

அழுத்தினாள். நிமிர்ந்து பார்த்தாள். சோஃபாவைத் தாண்டித் தெரிந்த பாதம் நின்றுவிட்டது.

களைத்துப்போயிருக்கும் குழந்தை. கத்தின கத்தலுக்குக் களைக்காதா? பாட்டுக் கேட்கிறது. பாட்டுக் கேட்கிறவரை பயமில்லை.

நாற்பத்தெட்டு. நாற்பத்திரண்டு. பாட்டை நடுவிலிருந்து ஆரம்பிப்பாள். அழுத்தினாள்.

பாட்டு நின்றது.

“வாண்டு?”

மழை.

“வாண்டு, இருக்கியா?”

“இருக்கேன்.”

குரல் அவளுடையதுதான். ஆனால் தட்டையாக. பஸ் நிலையத்தில் நேரம் சொல்கிற குரல் மாதிரி. பயம் போய்விட்டது போல என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நல்லதுதானே. பயம் போனால் நல்லதுதானே. அதற்குள் பாட்டு மறுபடி தொடங்கிவிட்டது. நடுவிலிருந்து. அவளுக்கு உயிர் வந்தது. ஆனால் ஹாலிலிருந்து வருவதுபோல் இல்லை. கொஞ்சம் இந்தப் பக்கத்திலிருந்து, குளியலறை ஓட்டில் பட்டு எதிரொலித்து வருவதுபோல் இருந்தது. யோசிக்க நேரமில்லை. பொய் சொன்னால் மூக்கைத் தொடுவாள். அழுத்தினாள். முப்பது. சத்தமாகச் சிரிப்பாள்.

இது வேண்டாமே என்று மனசு கெஞ்சியது. இது ஒன்றை வைத்துக்கொள்ளலாமே. பொருத்தம் முப்பதிலேயே நின்று கண் சிமிட்டியது. முப்பத்தொன்று ஆயிற்று. அழுத்தினாள்.

இரண்டு விரல் செருகுவாள். அழுத்தினாள்.

ஒன்பது.

இன்னும் ஒன்றே ஒன்று. பட்டியலின் அடியில், தனியாக.

அம்மாவைப் பிடிக்கும்.

அவள் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கில் பார்த்தாள். பதினொன்று. பதினான்கு. அது ஒன்றே போதும் போலிருக்கிறது அதற்கு. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டே ஏறிவிடும். சரி. பிடிக்காவிட்டால் போகிறது. அம்மாவைப் பிடிக்காத பிள்ளையாக இருந்துவிட்டுப் போகட்டும். உயிரோடு இருக்கட்டும். கை முழுசாக இருக்கட்டும். நான் ஒருத்தி பிடித்துக்கொண்டிருந்தால் போதாதா இரண்டு பேருக்கும் சேர்த்து?

அழுத்தினாள்.

பூஜ்யம்.

எட்டாவது தலைப்பு பட்டியலில் இல்லை. ஏழுதான் இருந்தது. தண்ணீர் சொட்டும் சத்தம் இல்லை. பாட்டு இல்லை. மழைகூட விட்டிருந்தது. அவள் நாற்காலி கவிழ எழுந்து, நடையில் சுவரில் இடித்துக்கொண்டு, ஹாலுக்கு ஓடினாள்.

வாண்டு சோஃபாவில் நேராக உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் மடியில். மணிக்கட்டில் தடம் இல்லை. சுத்தமாக, வெள்ளையாக இருந்தது. அவள் மண்டியிட்டு அந்தக் கையை எடுத்து முத்தமிட்டாள், முகத்தில் ஒற்றிக்கொண்டாள், வாண்டு வாண்டு என்று பிதற்றினாள். பிள்ளை கையை உருவவில்லை. கட்டிக்கொள்ளவும் இல்லை. விளம்பரம் ஓடும்போது பார்ப்போமே, அப்படி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“பசிக்குதா கண்ணு?”

“இல்ல.”

“அம்மாகிட்ட வர்றியா?”

“சரி.”

வந்தாள். மடியில் உட்கார் என்றால் உட்கார்ந்தாள். எழுந்திரு என்றபோது எழுந்தாள். கண்ணில் ஒன்றும் இல்லை. வெறுப்புகூட இல்லை. எல்லாம் எடுத்தாயிற்று. முப்பத்தொன்றையும் அவள் கையாலேயே எடுத்தாயிற்று.

எடுத்தது எங்கே போகும்?

அந்த எண்ணம் மெல்ல வந்தது. ஆபீஸில் புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் அவள் சொல்லிச் சிரிக்கிற கதை ஒன்று உண்டு. ஒரு காமெடிப் படத்திலிருந்து ‘விழுந்து விழுந்து சிரிக்க’ என்ற குறிச்சொல்லை அவள் எடுக்க, அது நேராகப் போய் வெட்டியானைப் பற்றிய ஒரு டாக்குமெண்டரியில் ஒட்டிக்கொண்டது. இரண்டிலும் ஒரு மண்வெட்டி வருகிறதாம், அதனால் பக்கத்துப் படமாம். அவர்கள் மென்பொருளில் குறிச்சொல் அழியவே அழியாது. ஒன்றிலிருந்து எடுத்தால், அதற்கு மிகப் பக்கத்தில் இருக்கிற தலைப்புக்குப் போய்ச் சேரும். எந்தத் தலைப்பு என்று பக்கத்தின் அடியில் சின்னதாக எழுதியிருக்கும். அவள் அடிவரை இறக்கிப் பார்க்கவில்லை.

பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்த வீட்டில் வாண்டுக்கு மிகப் பக்கத்தில் இருந்தது எது?

பின்னால் நடையில் யாரோ சிரித்தார்கள்.

சத்தமாக. வாயைப் பொத்தியும் அடங்காமல் மூக்கு வழியாக வெடிக்கிற சிரிப்பு. அவள் உயிர்போல நேசித்த சிரிப்பு.

எதிரில் நின்ற பிள்ளை சிரிக்கவில்லை. அது அம்மாவின் தோளுக்கு மேலே, நடையைப் பார்த்தது. கண்கள் எதையோ பின்தொடர்ந்தன. முதலில் தரையோடு தரையாக. பிறகு கொஞ்சம் மேலே. பிறகு இன்னும் மேலே. கூரைவரை போய், மறுபடி வளைந்து, கீழே.

பாட்டு. நடுவிலிருந்து.

ஈரக்கால் சத்தம். தத்தித் தத்தி, பூனை நடை, சத்தம் வராமல் நடப்பதாக நினைத்துக்கொண்டு நடக்கிற நடை. ஈரத்துணி வாசம். சூடான தூசி வாசம். அதற்கும் அடியில், மெலிதாக, குழந்தைச் சோப்பு வாசம்.

அவள் திரும்பவில்லை. திரும்பக்கூடாது. மண்டியிட்டபடியே, முன்னால் இருந்த பிள்ளையை வலது கையால் இழுத்து அணைத்தாள். பிள்ளை மரம்போல நின்றது. இடது கை பக்கவாட்டில் தொங்கியது.

உள்ளங்கைக்குள் இரண்டு விரல்கள் நுழைந்தன.

சின்ன விரல்கள் இல்லை. நீளமானவை. குளிர்ந்து, ஈரமாக, நுழைந்துகொண்டே இருந்தன. ஆனால் அதே பக்குவம். அதே தயக்கம். காதருகில் ஒரு மூச்சு, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“பிடிச்சாச்சு” என்றது அவள் மகளின் குரல், அத்தனை ஆசையாக.

பிறகு அது காத்திருந்தது. முன்னால் இருந்த பிள்ளை அம்மாவின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தது. மூடாதே, மூடாதே என்று அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போதே, ரெண்டு வருஷப் பழக்கத்தில், அவளுடைய கை அந்த இரண்டு விரல்களையும் இறுக மூடிக்கொண்டது.